பாஹிங் வியாழன்

நாத்தனார் விகாத்தி கண்ணாடி முன்னால் நின்று இடுப்பில் ஜாரிக் துணியைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுகூட லம்ரியாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. யார் வீட்டிலோ கல்யாணம் போலிருக்கிறது, பள்ளிக்கூடம் முடிந்து நேரே அங்கே போகிற உத்தேசம் என்று நினைத்துக்கொண்டாள். சொல்லாமல் கொள்ளாமல் இப்படிக் கிளம்புவது நாத்தனாருக்குப் புதிதில்லை.

அவளுக்கு அவளுடைய கவலை. சாக்பீஸ் டப்பா, கயிற்றுச் சுருள், எண் அட்டைகள் எல்லாவற்றையும் பையில் திணித்தாள். ஓட்டப் பயிற்சிக்கான காலணியின் நாடாவை இழுத்துக் கட்டினாள். இன்றைக்குக் குதிக்க வேண்டும், ஆசிரியர்களையும் குதிக்க வைக்க வேண்டும்.

உள்ளேயிருந்து தெஜோ வந்தான். கோடு போட்ட பழங்காலச் சட்டை, இடுப்பில் ஜாரிக், தலையில் மடித்துத் தைத்த பாகை.

"என்னங்க இது, ஆபீஸ் நாள்ல மாப்பிள்ளை வேஷம்?"

"இன்னிக்கு வியாழன்."

"வாரா வாரந்தான் வியாழன் வருது."

"பாஹிங் வியாழன், லம்."

லம்ரியாவின் கை நாடாவிலேயே நின்றுவிட்டது. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். ஏழு நாள் வாரத்துக்கு அடியில், எறும்பு எழுத்தில், ஜாவாக்காரர்களின் ஐந்து நாள் சந்தை வாரமும் ஓடிக்கொண்டிருந்தது. வியாழனும் அந்த ஐந்தில் ஒன்றான பாஹிங்கும் ஒன்றாக வருகிற நாளில் யோக்யகர்த்தா வட்டாரத்தில் அரசு ஊழியர், ஆசிரியர், பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் பாரம்பரிய உடைதான். ஆசிரியைகள் கெபாயா மேற்சட்டையும் கொண்டையுமாக, முழங்காலைச் சேர்த்துக் கட்டிய ஜாரிக்கோடு, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி வருவார்கள். அந்தத் துணியில் நடக்கலாம். குதிக்க முடியாது.

"ஐயோ! இன்னிக்கா?"

"நீயாத்தானே தேதி வச்ச?"

"தெரிஞ்சு வச்சேனா? எனக்கு யாராவது சொன்னீங்களா?"

தெஜோ தலைப்பாகையைச் சரிசெய்கிற சாக்கில் பக்கத்து அறைப் பக்கம் பார்த்தான். அங்கே விகாத்தி கொண்டைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். காதில் விழாத மாதிரி இருந்தாள். அவளுக்கு அது நன்றாக வரும்.

விட்டுப்போன வாசகர்களுக்குச் சுருக்கமாக: லம்ரியா சுமத்ரா தீவின் மேடான்காரி, பத்தாக் இனத்துப் பெண். மனதில் இருப்பதை மறு நொடியே வாயில் வைத்திருப்பாள். அந்தக் குரலுக்கு இந்தப் பந்துல் ஊரில் கோழிகூட விலகி நிற்கும். பத்து வருஷத்துக்கு முன்னால் தெஜோவைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்துவதே மரியாதை என்றிருக்கும் இந்தக் குடும்பத்துக்குள் வந்தாள். அவள் வேலை ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது. பிள்ளைகளை நாற்காலியோடு ஆணி அடித்து வைக்காமல், உடம்பை அசைத்தபடியே கணக்கும் மொழியும் படிக்கவைப்பது எப்படி என்று சொல்லித்தருகிற வேலை.

மேடானிலிருந்து பழைய அலுவலகம் பெரிய பதவி தருகிறேன் என்று கூப்பிட்டது. தெஜோவுக்கு இடமாற்றம் கிடைக்காது. அவள் போனால் தனியாகத்தான் போக வேண்டும். இங்கே ஒரே ஒரு வழிதான் மிச்சம். இன்றைய பயிற்சியைப் பார்த்துவிட்டுக் கல்வி மேற்பார்வையாளர் பாக் தர்யந்தோ, அதாவது தர்யந்தோ ஐயா, சம்மதித்தால் வட்டாரம் முழுக்க அவளுக்கு வேலை உண்டு. இல்லையென்றால் திட்டமும் இல்லை, இந்த வீட்டில் அவளும் இல்லை.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் தேதியைச் சொன்னாள். "அக்கா, வியாழக்கிழமை உங்க ஸ்கூல்லயே வச்சுக்கறேன்" என்றாள். விகாத்தி சோற்றைப் பிசைந்தபடி, "இங்கிஹ்" என்றாள்.

இங்கிஹ் என்றால் ஆமாம். லம்ரியா அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அவளே சிரித்துக்கொண்டு சொன்ன இன்னொரு வார்த்தை அவளுக்கு மறந்துபோய்விட்டது. "உங்க நாலாம் வகுப்பு பொம்மை அலமாரி மாதிரிக்கா. அழகா அடுக்கி வச்சிருக்கீங்க, ஒன்னும் அசையாது."

கேட்டவளுக்கு மறக்கவில்லை.

*

பள்ளிக்கூட மண்டபத்தில் லம்ரியா காலெடுத்து வைத்தாள். பட்டும் பூவுமாக ஆசிரியைகள் முன்வரிசையில் முழங்காலை ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் பாகையோடு பின்வரிசை. எல்லோர் முகத்திலும் ஒரே அளவு புன்னகை. நடுவில் பாக் தர்யந்தோ, மெருகேற்றிய தோல் செருப்போடு, கைகளை மடியில் கோத்து வைத்திருந்தார்.

"ஆரம்பிக்கலாமே, இபு லம்ரியா" என்றார் அவர், மரியாதைக்கு 'அம்மா' போட்டு. "நல்லதா நாலு கைதட்டல் பாட்டு சொல்லிக்கொடுங்க. பிள்ளைங்க தூங்கி விழும்போது உதவும்."

"கைதட்டல் இல்ல பாக். தட்டி முடிச்சதும் மறுபடி உட்கார வச்சா பாடம் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். உடம்பு அசையறது பாடத்துக்குள்ளேயே நடக்கணும்."

"இங்கிஹ்" என்றார் அவர், புன்னகை மாறாமல்.

வேறு ஒருத்தியாக இருந்தால் பயிற்சியை ஒத்திப்போட்டிருப்பாள். லம்ரியாவுக்கு ஒத்திப்போட நாள் இல்லை. தரையில் நீளமாக எண்கோடு வரைந்தாள். நடுவில் பூஜ்ஜியம், ஒரு பக்கம் கூட்டல் எண்கள், மறுபக்கம் கழித்தல் எண்கள். குதித்து முன்னால் போனால் கூட்டல், பின்னால் போனால் கழித்தல். பிள்ளைகளோடு செய்தபோதெல்லாம் மண்டபம் கலகலத்துப்போகிற விளையாட்டு அது.

"யாராவது முதல்ல வர்றீங்களா? மெதுவா குதிச்சாப் போதும்."

எல்லோரும் "இங்கிஹ்" என்றார்கள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் இரண்டாம் வகுப்பு நஸ்தித்தி எழுந்தாள். சின்னப் பெண், போன வருஷந்தான் வேலைக்குச் சேர்ந்தவள். மூத்தவர்கள் முகம் வாடக் கூடாது, பயிற்சியாளர் முகமும் வாடக் கூடாது என்று பாவம் அவள் எழுந்தாள். பூஜ்ஜியத்தில் நின்றாள். ஜாரிக்கை இரண்டு விரலால் லேசாகத் தூக்கினாள். குதித்தாள்.

துணி விடவில்லை. கால் இரண்டும் கட்டிப்போட்ட மாதிரி அப்படியே முன்னால் சரிந்தாள். பக்கத்தில் இருந்த விகாத்தி எட்டிப் பிடித்ததால் முழங்கால் மட்டும் தரையில் உரசியது. ஆனால் சவுரிக் கொண்டை தலையை விட்டுக் கழன்று, எண்கோட்டின் மேலேயே உருண்டு போய், கழித்தல் மூன்றில் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. மேடானாக இருந்தால் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும். சிரிப்பு அடங்கியதும் விஷயமும் அதோடு முடிந்திருக்கும். இங்கே அத்தனை பேரும் கொண்டையைப் பார்க்காத மாதிரி கூரையைப் பார்த்தார்கள். நஸ்தித்தியின் கண்கள் நிறைந்துவிட்டன.

லம்ரியா போய்க் கொண்டையை எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தாள். "மன்னிச்சிரும்மா, தப்பு உன்னோடது இல்ல, என்னோடது" என்றாள். அப்புறம் எல்லோரையும் பார்த்து, "தேநீர் குடிச்சிட்டு வரலாம்" என்றாள். தேநீர் நேரம் வர இன்னும் வெகு நேரம் இருந்தது. எல்லோரும் மறுபடி "இங்கிஹ்" என்றார்கள்.

*

கிணற்றடிப் பக்கம் விகாத்தியைப் பிடித்துவிட்டாள்.

"அக்கா, இன்னிக்குப் பாஹிங்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"ஸ்கூல்ல நான் அக்கா இல்ல, இபு."

"சரி, இபு. தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அன்னிக்கு சாப்பிடும்போது தேதி சொன்னேனே, அப்பவேவா?"

"அப்பவே."

"அப்புறம் எதுக்கு இங்கிஹ்னு சொன்னீங்க?"

"நீ சொன்னது காதுல விழுந்துச்சு. அதனால சொன்னேன்."

"இங்கிஹ்னா ஆமான்னு அர்த்தம்!"

"கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம். ஆமாங்கறது அதுக்கப்புறம் வந்தாலும் வரும், வராமப் போனாலும் போகும். பத்து வருஷமா இந்த வீட்டு மருமக. இன்னுமா இது தெரியல தங்கச்சி?"

லம்ரியாவுக்குத் தொண்டையில் மேடான் குரல் ஏறிவிட்டது. "எங்க ஊர்ல ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்ல. முகத்துக்கு நேராச் சொல்லிடுவோம்!"

"சொன்னியே, முகத்துக்கு நேரா. பொம்மை அலமாரின்னு."

குரல் உயரவே இல்லை. ஆனால் அதைச் சொன்னபோது விகாத்தியின் கீழ் உதடு நடுங்கியதை லம்ரியா பார்த்தாள். இந்த முகத்தில் அவள் ஒரு நாளும் பார்க்காத நடுக்கம்.

"இருபது வருஷமா என் வகுப்புல ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைய அதட்டினது கிடையாது" என்றாள் விகாத்தி. "மெதுவாப் பேசற பிள்ளைக்கும் என் வகுப்புல காது உண்டு. அதுக்காகத்தான் அந்த அமைதி. அதைப் போய் நீ சோத்துத் தட்டை முன்னால வச்சுக்கிட்டு சிரிச்ச. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நாளைக்கும் சொல்லல. அதுக்கு மறுநாளும் வாய் வரல."

"நான் விழணும்னு நெனச்சீங்களா?"

விகாத்தி யோசித்தாள். ஜாவாக்காரி, அதுவும் மூத்தவள், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

"கொஞ்சம்" என்றாள். "நஸ்தித்தி விழுவான்னு நெனக்கல."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். லம்ரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாத்தனார் மேல் கோபம் கால் பங்கு, தன் வாய் மேல் கோபம் முக்கால் பங்கு. பத்து வருஷமாக நாம் சிரித்துப் பேசிய பேச்சுக்கெல்லாம் இந்த வீட்டில் எத்தனை 'இங்கிஹ்' சேர்ந்திருக்குமோ என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகவே இருந்தது.

ஆனால் கண் தன் வேலையை விடவில்லை. கண்ணீருக்கு நடுவிலும் அது விகாத்தியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜாரிக் அனுமதித்த அளவு ஓரடி. அடுத்ததும் அதே அளவு. அதற்கடுத்ததும் அதே அளவு. கயிறு கட்டி அளந்த மாதிரி, கிணற்றடியிலிருந்து மண்டபப் படி வரைக்கும் அச்சு பிசகாத சின்னச் சின்ன அடிகள்.

லம்ரியா முகத்தைக் கழுவிக்கொண்டாள். காலணியைக் கழற்றிக் கிணற்றடியிலேயே போட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே ஓடினாள்.

*

"எழுந்திரிங்க எல்லாரும். குதிக்க வேண்டாம், நடந்தாப் போதும்" என்றாள். எண்கோட்டை ஈரத்துணியால் அவளே துடைத்துவிட்டிருந்தாள். "இந்த மண்டபத்தோட நீளம் எவ்வளவு? அளவுகோல் கிடையாது. உங்க உங்க அடிதான் அளவு. மூணு மூணு பேராப் போய் அளந்துட்டு வந்து சொல்லுங்க."

இதற்கு யாரும் தயங்கவில்லை. ஜாரிக்கில் நடக்கத் தெரியாதவர் அங்கே லம்ரியா ஒருத்திதான். சரசரவென்று துணிகள் உரச, உதடு அசைய எண்ணிக்கொண்டு, மண்டபத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கெபாயாக்கள் நகர்ந்தன. நஸ்தித்தி முதல் ஆளாகத் திரும்பி வந்து எழுபது என்றாள். ஐம்பத்தெட்டு என்றது ஆண்கள் குழு. விகாத்தி அறுபத்து நான்கு என்றாள்.

"நஸ்தித்தி, நீ எங்கயோ ரெண்டு தடவை எண்ணிட்ட" என்றார் ஒரு மூத்த ஆசிரியர்.

"இல்ல பாக், நான் சரியாத்தான் எண்ணினேன்."

"எழுபதெல்லாம் வராதும்மா."

"நீங்க தாண்டித் தாண்டிப் போனீங்க பாக், நான் பார்த்தேன்!"

இரண்டாம் வகுப்பு நஸ்தித்தி ஒரு மூத்தவரை எதிர்த்துப் பேசிவிட்டாள். அப்புறம் எங்கிருந்துதான் வந்ததோ, நாலா பக்கமும் சத்தம் கிளம்பியது. நீ பாதி அடி விட்டுவிட்டாய், உன் துணி தளர்ந்திருக்கிறது, சுவரைத் தொட்டாயா இல்லையா, மறுபடி நட பார்க்கலாம். ஜாவாக்காரர்கள் கூட்டமாக நின்று வாய்ச்சண்டை போடுவதை லம்ரியா கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் கைகால் பரபரத்தது.

"கொஞ்சம் நகருங்க" என்று ஒரு குரல். பாக் தர்யந்தோ எழுந்திருந்தார். மெருகேற்றிய தோல் செருப்பைக் கழற்றி வாசலோரம் ஜோடியாக வைத்தார். "யாருக்கும் ஒழுங்கா எண்ணத் தெரியல." ஜாரிக்கின் மடிப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ராஜ நடையாக நடந்து, அந்தக் கோடிச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். "அறுபத்தொன்னு."

"ஆக நாலு பதில்" என்றாள் லம்ரியா. "யாரு சொன்னது சரி?"

நஸ்தித்திதான் மெதுவாக, "எல்லாரும் சரிதான் இபு. அடிதான் வேற வேற" என்றாள்.

"அப்ப நாளைக்குக் கடையில துணி எடுக்கப் போறோம். யாரு அடிய வச்சு எடுக்கறது?"

"கடைக்காரர் நஸ்தித்தி அடிய வச்சுத்தான் குடுப்பாரு!" என்றார் அந்த மூத்த ஆசிரியர். இந்தத் தடவை மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. நஸ்தித்தி எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தாள், கொண்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

"இதுக்குத்தான் மீட்டர் வந்துச்சு" என்றாள் லம்ரியா. "இதை நான் பலகையில எழுதிப் போட்டிருந்தா நீங்க பார்த்து எழுதிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பீங்க. இப்ப சண்டை போட்டீங்க. உங்க கால் எண்ணுச்சு, உங்க வாய் அதுக்காக வாதாடுச்சு. இனிமே மீட்டர் எதுக்குன்னு யாராவது கேட்டா உங்களுக்கு மறக்குமா? பிள்ளைங்களுக்கும் அப்படித்தான். வேர்க்கணும்னு அவசியமில்ல, குதிக்கணும்னு அவசியமில்ல. கால் போற எடத்துல பாடம் இருக்கணும். காலைல நான் அதை மறந்துட்டு உங்களைக் குதிக்கச் சொன்னேன். பாஹிங் வந்து எனக்குப் பாடம் நடத்திடுச்சு."

ஆசிரியர்கள் முகத்தில் புன்னகை இருந்தது. ஆனால் ஒரே அளவாக இல்லை. அதை விகாத்தி கவனித்தாள். லம்ரியாவை அவள் பார்த்த பார்வையில் இத்தனை வருஷமாக இல்லாத ஒன்று இருந்தது. தொழில் தெரிந்த ஒருத்தி இன்னொருத்தியின் கைத்திறமையைப் பார்க்கிற பார்வை அது.

*

கடைசியாக லம்ரியா நாலாம் வகுப்புக்கு ஒரு மாதிரிப் பாடம் நடத்திக்காட்டுவதாக ஏற்பாடு. மற்ற வகுப்புகளை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அதற்கு முன்னால் பாக் தர்யந்தோ, அதிகாரிகள் கேட்கிற வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இபு விகாத்தி, நீங்க இங்க மூத்தவங்க. நாளைக்கு உங்க வகுப்புல இந்த மாதிரி பண்ணுவீங்களா?"

எல்லோருக்கும் பதில் தெரியும். இங்கிஹ் என்று சொல்ல வேண்டும், அவர் தலையசைக்க வேண்டும், விஷயம் முடிந்தது.

"மாட்டேன்" என்றாள் விகாத்தி.

பழிவாங்க இந்த நேரமா கிடைத்தது என்று லம்ரியா நினைத்தாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. பிள்ளைங்க லேசான உடுப்புல வருவாங்க. அதுல யார் வேணா பண்ணலாம்" என்றாள் விகாத்தி. "நான் இன்னிக்கே பண்றேன், இந்த ஜாரிக்கிலேயே. என் பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க. வாங்க பாக்."

ஆசிரியை இல்லாமலே சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிற வகுப்பு அந்த ஊரிலேயே அது ஒன்றுதான். கை மடித்து மேஜை மேல் வைத்தபடி, குட்டிக் குட்டி ஜாரிக்குகளோடு இருபத்தொன்பது பிள்ளைகள். விகாத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளங்கையை மெல்ல உயர்த்தினாள்; எல்லோரும் எழுந்தார்கள். நான்கு விரலைக் காட்டினாள்.

பிள்ளைகள் ஒரு கணம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் புரிந்தது. நாற்காலி உரசும் சத்தம்கூட இல்லாமல், பூனை நடை நடந்து, நாலு நாலு பேராகக் கைகோத்து நின்றார்கள். ஏழு குழு. கினாசி என்ற சின்னப் பெண் மட்டும் எந்தக் குழுவிலும் சேராமல் நடுவில் நின்றாள். விகாத்தி பலகையில் 'மீதி 1' என்று எழுதினாள். கினாசிக்கு அந்த எழுத்து தனக்கென்று தெரிந்ததும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

விகாத்தி ஐந்து விரல் காட்டினாள். வகுப்பு கலைந்து மறுபடி கூடியது, மீதி நாலு. மூன்று விரல், மீதி இரண்டு. இரண்டு விரல், மறுபடியும் கினாசி. அத்தனையும் ஓசையில்லாமல். சுவரோரம் நின்ற லம்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். அமைதியும் அசைவும் ஒன்றுக்கொன்று எதிரி என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறாள்! இந்த அமைதி பிள்ளைகளைக் கட்டிப்போடவில்லை. ஒருவர் இன்னொருவருக்கு வழிவிட்டு நகர இதுதான் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறது. பொம்மை அலமாரி என்று சொன்ன நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போல அவளுக்கு இருந்தது.

இப்போதுதான் விகாத்தி வாயைத் திறந்தாள். "எத்தனை எத்தனை பேரா நின்னா மீதியே வராது? நீங்களே கண்டுபிடிங்க."

ஆறு ஆறாக நின்றார்கள். மீதி. ஏழு ஏழாக. மீதி. எட்டு, ஒன்பது. எப்படி நின்றாலும் யாராவது ஒருவர் வெளியே நின்றார். பிள்ளைகளின் நெற்றி சுருங்கியது, விரல்கள் கணக்குப் போட்டன, கிசுகிசு எழுந்தது, கிசுகிசு பேச்சானது. திடீரென்று பின்னாலிருந்து ஒரு பையன் கத்தினான்:

"இபு, எதுவுமே வராது! நாம பங்கே ஆக மாட்டோம்!"

நாலாம் வகுப்பில் யாரோ கத்திவிட்டார்கள். ஆசிரியைகள் எல்லோரும் விகாத்தியின் முகத்தைப் பார்த்தார்கள், ஆள்காட்டி விரல் உதட்டுக்குப் போகும் என்று. விரல் போகவில்லை. அவள் சிரித்தாள், பல் தெரிய.

"ஆகாத எண்ணுக்கு ஒரு பேரு இருக்கு. அதுக்குப் பகா எண்ணுன்னு பேரு."

"இபு" என்றாள் கினாசி. அவள் இன்னும் நடுவில் தனியாகத்தான் நின்றுகொண்டிருந்தாள். "நீங்களும் வந்து நின்னா மீதி வராதுல்ல?"

இருபது வருஷமாகப் பலகை ஓரத்தை விட்டு நகராத விகாத்தி சாக்பீஸை வைத்துவிட்டு, ஜாரிக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அளவு பிசகாத சின்ன அடிகளாக நடந்து வந்து கினாசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு இரண்டாக நின்றார்கள், மூன்று மூன்றாக, ஐந்து ஐந்தாக, ஆறு ஆறாக. யாரும் மீதியில்லை. நஸ்தித்தி கைதட்ட ஆரம்பித்தாள். லம்ரியா யாரையும் பற்றிக் கவலைப்படாமல், மேடான்காரியாகவே, தேம்பித் தேம்பி அழுதாள்.

*

பாக் தர்யந்தோ கிளம்பும்போது வராந்தாவில் நின்று அவளிடம் சொன்னது ஒரே வார்த்தை.

"இங்கிஹ்."

சொல்லிவிட்டு உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தபடி தன் கார் வரைக்கும் நடந்து போனார். கார் மூலை திரும்பிப் போய்விட்டது.

விகாத்தி மண்டபத்தைப் பூட்ட வந்தாள். லம்ரியா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் அன்னிக்குப் பேசினது தப்பு. உங்க வகுப்பு மாதிரி ஒன்ன நான் எங்கயுமே பார்த்ததில்ல. என்னை மன்னிச்சிருங்க அக்கா."

"ஸ்கூல்ல நான்..." என்று ஆரம்பித்த விகாத்தி பாதியில் நிறுத்திக்கொண்டாள். "சரி விடு. நானும் சொல்லியிருக்கணும்."

"அக்கா, அவரு சொன்னாரே, அது எந்த இங்கிஹ்?"

"கேட்டுக்கிட்டேங்கற இங்கிஹ்தான்."

லம்ரியாவின் முகம் விழுந்துவிட்டது. விகாத்தி மோவாயால் மண்டப வாசலைக் காட்டினாள். மெருகேற்றிய தோல் செருப்பு ஜோடியாக அங்கேயே இருந்தது.

"ஆனா மனுஷன் கார் வரைக்கும் அடிய எண்ணிக்கிட்டே வெறுங்காலோட போயிட்டாரு. இதை எடுக்க வருவாருல்ல?"

"ஆள் அனுப்புவாரு."

"ஆள் வந்தா தர மாட்டேன்" என்றாள் விகாத்தி. செருப்பை எடுத்து நாலாம் வகுப்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கெபாயாவுக்குள் செருகிக்கொண்டாள்.

வாசலில் தெஜோவின் பைக் வந்து நின்றது. ஜாரிக்கை மடித்துச் செருகிக்கொண்டு, தலைப்பாகை கோணலாக, மூச்சு வாங்க இறங்கி வந்தான்.

"லம், உன் போன் அணைஞ்சிருக்காம். மேடான்லேர்ந்து என்னைக் கூப்பிட்டுட்டாங்க. வர்றியா இல்லையான்னு இன்னிக்கே தெரியணுமாம். என்ன சொல்லட்டும்?"

லம்ரியா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கூரையைப் பார்த்தாள்.

"இங்கிஹ்னு சொல்லுங்க" என்றாள் லம்ரியா.

விகாத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பந்துலில் பிறந்து, பந்துலில் வளர்ந்து, பேச வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கும் தெஜோ, பைக் சாவியைக் கையில் வைத்தபடி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டான்:

"அப்படின்னா, ஆமாவா, இல்லையா?"